ஈரக் கழிவு போக ஐம்பத்தெட்டு

ஒரு சாக்கின் நடுவில் என்னை உட்கார வைத்து, நாலு முனையையும் கயிற்றால் சேர்த்துக் கட்டி, தராசுக் கொக்கியில் மாட்டித் தூக்கினார்கள். எண்பது பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. என் கல்யாணத்தன்றுகூட அவ்வளவு பேர் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்ததில்லை. அன்றைக்கு நல்ல மழை, பாதிப் பேர் வரவில்லை.

அது மனிதரை நிறுக்கும் தராசு இல்லை. ஏற்காட்டிலிருந்து வெள்ளக்கடை போகும் வழியில் இருக்கிறது நான் வேலை பார்க்கும் எஸ்டேட். காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் சாயங்காலம் நாலு மணிக்குக் கணக்கெழுதும் ரைட்டர் அந்தத் தராசைக் கொண்டுவந்து, களத்து ஓரத்துப் பலாமரக் கிளையில் தொங்கவிடுவார். வட்ட முகம், அதற்குள் ஒரு முள், அடியில் ஒரு கொக்கி. பறித்த பெண்கள் வரிசையாக வந்து மூட்டையை மாட்டுவார்கள். ரைட்டர் முள்ளைப் பார்த்து எடையை உரக்கச் சொல்லி நோட்டில் எழுதுவார். அந்த வருஷம் வரிசையின் கடைசி மூட்டை நான்தான்.

எண்பதுகளின் கடைசி அது. முதலில் கால் வீங்கியது. விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து, வெகு நேரம் அப்படியே இருந்தது. பிறகு வயிறு. மூன்று வாரத்தில் வேட்டி இடுப்பில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போனது. என் வீட்டம்மா மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏனுங்க, நான் போடற சோறு அதேதான். நீங்க மட்டும் எப்படிங்க இப்படிப் பெருக்கறீங்க? வெளியில எங்காச்சும் சாப்புடறீங்களா?"

வெளியில் சாப்பிடுகிற ஆள் இல்லை நான். கடையில் ‘ஒரு டீ’ என்று கேட்பதற்கே எனக்கு இரண்டு தடவை தொண்டையைச் செருமிக்கொள்ள வேண்டும். இரண்டாவது செருமலுக்குள் கடைக்காரர் வேறு யாருக்காவது ஊற்றிவிடுவார்.

ஒண்டிக்கடை நிறுத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, மேட்டில் ஏறினால் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. கன்னியாஸ்திரீயான ஒரு டாக்டரம்மா அதை நடத்திவந்தார். என்னைப் படுக்கவைத்து, பலாப்பழம் பழுத்துவிட்டதா என்று தட்டிப் பார்ப்போமே, அதே மாதிரி வயிற்றின் மேல் விரலை வைத்துத் தட்டினார். ஒரு பக்கமாகத் திரும்பச் சொல்லி மறுபடி தட்டினார். "தண்ணி" என்றார். ரத்தம் எடுத்துச் சேலத்துக்கு அனுப்பினார்.

அடுத்த வாரம் முடிவு வந்தது. கல்லீரல் சுருங்கித் தழும்பு பிடித்துவிட்டது என்றார். என் ரத்தத்தில் ‘ஆஸ்திரேலியா’ என்று ஏதோ ஒன்று இருக்கிறதாம். அந்தக் கிருமிக்கு அப்போது அப்படித்தான் பெயர் சொன்னார்கள். நான் திகைத்துப்போனேன். அடிவாரம் தாண்டிச் சேலத்துக்குப் போனதே என் வாழ்நாளில் பத்துப் பதினைந்து தடவைதான். எஸ்டேட்டில் நிழலுக்கு வைத்திருக்கும் சில்வர் ஓக் மரங்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை என்று ரைட்டர் சொல்லியிருக்கிறார். அந்த ஊரோடு எனக்கு இருந்த சம்பந்தம் அவ்வளவுதான்.

"பல வருசம் முன்னாடி உங்களுக்கு மஞ்சள் காமாலை வந்துச்சா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

வந்தது. கீழாநெல்லி அரைத்துக் குடித்தேன், கண் வெளுத்தது, போய்விட்டது என்று நினைத்தேன். அது போகவில்லையாம். உள்ளேயே தங்கி, பத்துப் பன்னிரண்டு வருஷமாகக் கல்லீரலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புண்ணாக்கியிருக்கிறது. சரியாகக் கொதிக்கவைக்காத ஊசி வழியாக வந்திருக்கலாம், பலருக்கும் ஓட்டிய சவரக் கத்தி வழியாக வந்திருக்கலாம், இன்னதென்று இப்போது சொல்ல முடியாது என்றார். என் வீட்டம்மாவுக்கும் ரத்தம் பார்த்தார்கள். அவளிடம் அது ஒட்டவில்லை.

என் முன்கையில் கவாத்துக் கத்தி பட்ட பழைய தழும்பு ஒன்று உண்டு. டாக்டரம்மா அதைத் தொட்டுக் காட்டினார்.

"இந்த எடத்துல முடி மொளைக்குதா?"

"இல்லைங்க."

"வேர்க்குதா?"

யோசித்துப் பார்த்தேன். "இல்லைங்க."

"கல்லீரல்லயும் அப்படித்தான். தழும்பு புடிச்ச எடம் வேலை செய்யாது. ரத்தத்தையும் லேசுல உள்ள விடாது. தழும்பு போகாதுங்க. ஆனா மிச்சம் இருக்கற நல்ல எடத்தக் காப்பாத்திக்கலாம்."

எனக்குப் பழம் அலசும் வாய்க்கால் ஞாபகம் வந்தது. தோல் அடைத்துக்கொண்டால் தண்ணீர் மேற்கொண்டு ஓட முடியாமல் இரண்டு கரையிலும் கசியும். பக்கத்துப் பாத்தியெல்லாம் சேறாகும். சொல்லலாமா வேண்டாமா என்று வெகு நேரம் யோசித்து, வாசல் வரை வந்தபின் திரும்பிப் போய்ச் சொன்னேன். "அதேதான். அந்தக் கசிவுதான் உங்க வயித்துல நிக்குது" என்றார். அவர் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. எனக்கும் நான் நோயாளி என்பது கொஞ்ச நேரம் மறந்துபோனது.

வைத்தியம் சுருக்கமானது. உப்பு கூடாது. ஊறுகாய், அப்பளம், கருவாடு கண்ணிலேயே படக்கூடாது. நீர் பிரிய இரண்டு விதமான மாத்திரை. தலைவலிக்குக் கடையில் மாத்திரை வாங்கிப் போடக்கூடாது, யார் கொடுக்கும் சூரணமும் கூடாது, சாராயத்தின் பக்கமே போகக்கூடாது. ரத்த வாந்தி வந்தாலோ மலம் தார் மாதிரிக் கறுத்தாலோ உடனே ஓடி வர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தினமும் எடை பார்க்க வேண்டும்.

"ஒரே தராசு, ஒரே நேரம், ஒரே மாதிரி துணி. தண்ணி எறங்குதான்னு எடைதான் சொல்லும். ஒரு நாளைக்கு அரைக் கிலோ கொறைஞ்சா நல்லது. கொறையலைன்னா, சேலம் பெரியாஸ்பத்திரியில ஊசி குத்தி வாளியில எடுக்கணும். எடுத்தாலும் மறுபடி ஊறும். தண்ணி அப்படியே நின்னு உள்ள சீழ் வெச்சா உசுருக்கே ஆபத்து. வெளையாட்டு இல்லைங்க."

‘வாளி’ என்ற வார்த்தை என் மனதில் நன்றாக உட்கார்ந்துவிட்டது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் எங்கள் வீட்டு வாளிதான் கண்ணுக்கு வந்தது. எப்படியாவது அந்த வாளிக்குப் போகாமல் இருக்க வேண்டும். அந்த இரண்டு மாதமும் என் நினைப்பெல்லாம் அது ஒன்றுதான்.

நான் கல்லீரல் நோய்க்காரன் என்ற செய்தி எனக்கு முன்னால் எஸ்டேட் போய்ச் சேர்ந்துவிட்டது. கல்லீரல் என்றால் குடி. எங்கள் ஆட்களுக்கு அதில் சந்தேகமே கிடையாது. அதுவரை என்னோடு நாலு வார்த்தை பேசியிராத இரண்டு மூன்று குடிகாரர்கள் வீடு தேடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அதில் ஒருவருக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

"அண்ணா, நாங்க ஊரறியக் குடிச்சு கெட்ட பேரு வாங்குனோம். நீங்க இத்தன வருசமா ஒருத்தருக்குத் தெரியாம சாதிச்சிருக்கீங்களே! எங்க ஒளிச்சு வெச்சீங்க? அதையாச்சும் சொல்லுங்க."

இல்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் என் வீட்டம்மா வெளியே வந்தாள்.

"‘ஒரு டீ’ன்னு கேக்கவே வாய் வராதவரு. இவரு எந்தக் கடையில போயி ‘ஊத்து’ன்னு கேட்டாருங்க? கேட்டிருந்தா நானே சந்தோசப்பட்டு ஊத்திக் குடுத்திருப்பேன். காமாலை விட்ட தழும்புங்க இது. போங்க, போயி உங்க ஈரலப் பாருங்க."

அவர் போகிற வழியிலேயே வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டு போனார்.

உப்பில்லாத சோற்றைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை, அதில் ஒன்றும் இருக்காது. எனக்குத் துணையாக அவளும் உப்பில்லாமல் சாப்பிட்டாள். மூன்று நாள். நாலாம் நாள் தன் தட்டில் மட்டும் உப்பைத் தூவிக்கொண்டு, "கூட இருந்து பாத்துக்கறவளுக்கும் தெம்பு வேணுமுங்க" என்றாள்.

தராசு விஷயத்துக்கு வருகிறேன். எஸ்டேட்டில் என் எடையைத் தாங்கக்கூடிய தராசு காப்பித் தராசு ஒன்றுதான். ரைட்டரிடம் என் வீட்டம்மாதான் போய்க் கேட்டாள். அவர் ஐம்பது தாண்டியவர், இருபது வருஷமாக அதே மரம், அதே தராசு, அதே குடை. "அதுக்கென்னம்மா, தாராளமா வரட்டும். சாக்குக்கு ஒரு கிலோ கழிச்சுக்கலாம்" என்றார். அது நியாயமான கழிவு, சாக்கும் கயிறும் சேர்ந்தால் ஒரு கிலோ வரும்.

தொங்கும்போது முழங்கால் மோவாயில் இடிக்கும். தராசின் முகம் என் தலைக்கு மேலே ரைட்டரைப் பார்த்து இருக்கும், எனக்குத் தெரியாது. அவர் சொல்வதுதான் எடை. முதல் நாள், "அறுவத்தி மூணு!" என்று கத்தினார். நோய்க்கு முன் நான் ஐம்பத்தி மூன்றுக்கு மேல் போனதில்லை. அதற்கு மேல் இருந்ததெல்லாம் தண்ணீர்.

"அறுவத்தி மூணா! எம்பட நாலு நாள் பழமுங்க அது" என்றாள் ஒருத்தி.

"நல்லாக் குலுக்கிப் பாருங்க ரைட்டரய்யா, அடியில கல்லு கில்லு இருக்கப்போவுது."

நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். கண்ணை மூடினால் மற்றவர்களுக்கும் என்னைத் தெரியாது என்று ஒரு நினைப்பு. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நாலைந்து நாளிலேயே அந்த எண்பது பேரும் என் எடையைத் தங்கள் எடை மாதிரி மனப்பாடம் செய்துகொண்டார்கள். தங்கள் மூட்டையைப் போட்டபின் வீட்டுக்குப் போகாமல் எனக்காக நிற்பார்கள். "அறுவத்தி ரெண்டு!" என்றால் கை தட்டுவார்கள். இரண்டு வாரத்தில் அறுபதுக்கு இறங்கினேன். இடுப்பில் அரைஞாண் கயிற்றின் முடிச்சை என் வீட்டம்மா ஒரு விரல்கடை உள்ளே தள்ளிப் போட்டாள்.

அப்புறம் மழை பிடித்தது. எங்கள் மலையில் பழம் பழுக்கிற காலமும் மழைக் காலமும் ஒன்றாகத்தான் வரும். மழையில் பறித்த பழத்தில் தண்ணீர் நிற்கும் என்று ரைட்டர் மூட்டைக்கு ஈரக் கழிவு போடுவார். தூறல் என்றால் ஒரு கிலோ, மழை என்றால் இரண்டு, அடைமழை என்றால் மூன்று. வானத்தைப் பார்ப்பார், கழிப்பார், சொல்வார். பெண்கள் முணுமுணுப்பார்கள், வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள்.

மழை தொடங்கிய பிறகும் என் எடை இறங்கிக்கொண்டே போனது. ஐம்பத்தொன்பது. ஐம்பத்தெட்டரை. ஐம்பத்தெட்டு. களமே கொண்டாடியது. களத்தில் காயும் காப்பி நனையாமல் தார்ப்பாய் இழுத்து மூடுவது அப்போது என் வேலை. மத்தியானம் களத்துக் கொட்டகையில் எல்லோரோடும் உட்கார்ந்துதான் சாப்பிடுவேன். என் பக்கத்தில் உட்காரும் அக்கா ஒருத்தி, குரல் பெரிசு, மனசும் பெரிசு. அவள் தன் தூக்குப்போசியிலிருந்து ஒரு துண்டு கருவாட்டை எடுத்து என் சோற்றில் வைத்தாள்.

"அஞ்சு கிலோ கொறைச்சுட்டீங்க தம்பி. தெனத்துக்கும் அந்தச் சப்புச் சோறு. ஒரு துண்டு தின்னா ஒண்ணும் ஆவாது, சாப்புடுங்க சாமி."

வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அதற்கு முதலில் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். எனக்குக் கருவாட்டைத் தின்பதே சுலபமாக இருந்தது. அது அவ்வளவு ருசியாக இருந்தது என்பதையும் மறைக்க வேண்டாம். மறுநாள் இன்னொருத்தி நார்த்தங்காய் ஊறுகாய் வைத்தாள். அடுத்த நாள் வறுத்த அப்பளம். எடையோ ஏறவில்லை. அப்படியானால் தப்பில்லை என்று நானும் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன்.

கருவாடு தின்னத் தொடங்கிய பத்தாம் நாள் காலையில் என் வீட்டம்மா அரைஞாண் கயிற்றில் இரண்டு விரலை விட்டுப் பார்த்தாள். ஒரு விரல்தான் போனது.

"தராசு எறங்குதுங்குது, கயிறு ஏறுதுங்குது. ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது. கயித்துக்குப் பொய் சொல்லத் தெரியாதுங்க" என்றாள். அன்றே டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனாள்.

ஆஸ்பத்திரித் தராசில் நிற்கவைத்தார்கள். அறுபத்தொன்றரை. டாக்டரம்மா என் சீட்டைப் பார்த்தார், தராசைப் பார்த்தார். எடை பார்க்கத் தொடங்கியபோது இரண்டு தராசும் ஒரே எடைதான் காட்டின. சீட்டில் ஒவ்வொரு நாளுக்கும் நேராக என் வீட்டம்மா எழுதச் சொல்லி வைத்திருந்த எடைகளை விரலால் தடவிக்கொண்டே வந்தவர், ஓர் இடத்தில் நின்றார்.

"இந்த ஞாயித்துக்கெழமை மட்டும் அறுவத்தி ஒண்ணுன்னு இருக்கே? முந்தின நாள் அம்பத்தெட்டு, மறுநாள் அம்பத்தெட்டு. அன்னைக்கு என்ன?"

அன்றைக்கு மழை இல்லை. அவசரப் பறிப்பு, நல்ல வெயில். ரைட்டர் ஏதோ தப்பாகப் பார்த்துவிட்டார் என்று எல்லோருமாகச் சேர்ந்து தீர்மானித்திருந்தோம். இப்போது எனக்கு உச்சந்தலையில் சுரீர் என்றது. இருபது வருஷப் பழக்கம். வானத்தைப் பார்த்தார், கழித்தார், சொன்னார். கொக்கியில் தொங்குவது பழமா ஆளா என்று அவர் பார்க்கவே இல்லை.

ஈரக் கழிவு என்றால் என்ன என்று என் வீட்டம்மா விளக்கியபோது டாக்டரம்மா சிரிப்பை அடக்க மேஜை இழுப்பறையைத் திறந்து எதையோ தேடினார். பிறகு நிமிர்ந்து, "உப்பு?" என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. என் வீட்டம்மா வெளியே வந்து பஸ் ஏறி, இறங்கி, வீடு வரும் வரை கேட்டாள்.

டாக்டரம்மா ஒரு வாரம் தவணை கொடுத்தார். "அடுத்த வாரம் இங்க அறுவதுக்குக் கீழ நிக்கணும். இல்லைன்னா சேலத்துக்குச் சீட்டு எழுதிடுவேன். கழிக்காம நிறுக்கச் சொல்லுங்க. வேணாம்னு சொல்லவும் பழகுங்க."

ரைட்டரிடம் நீயே சொல்லிவிடு என்று என் வீட்டம்மாவிடம் கெஞ்சினேன். முடியாது என்றுவிட்டாள். "கருவாட்ட நானா தின்னேன்? வாளியில தண்ணி வடிக்கப்போறது எனக்கா? நீங்களே சொல்லுங்க."

முதல் நாள் தொங்கும்போது சொல்ல நினைத்தேன், செருமினேன். "சளி புடிச்சிருக்குது போல" என்று ரைட்டர் இறக்கிவிட்டார். இரண்டாம் நாள் ‘ஏனுங்க’ வரை வந்தது. "என்னப்பா, கயிறு குத்துதா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். இன்னொரு சாக்கை அடியில் போட்டுக் கொடுத்தார்கள்.

மூன்றாம் நாள் சரியான அடைமழை. என்னை மாட்டினார்கள். ரைட்டர் குடைக்கடியிலிருந்து வானத்தைப் பார்ப்பது தெரிந்தது. "அம்பத்தெட்டு!" என்றார். பெண்கள் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலைக் கேட்டதும்தான் எனக்குப் பயம் வந்தது. எல்லோரும் சந்தோஷமாக என்னை அந்த வாளிக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

"ஏனுங்க ரைட்டரய்யா," என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "நான் காப்பிப் பழம் இல்லைங்க. எனக்கு ஈரம் கழிக்காதீங்க."

ரைட்டர் முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார்.

"அட ஆண்டவா," என்றார். "அறுவத்தி ஒண்ணுப்பா நீ."

முதலில் சிரிப்பு வெடித்தது. பிறகு கருவாட்டு அக்காவின் குரல்.

"ஏனுங்க ரைட்டரய்யா, மனுசன் நனைஞ்சா மூணு கிலோ ஏற மாட்டானா?"

"மனுசன் எப்படிம்மா ஏறுவான்? தோல் மேல எவ்வளவு தண்ணி நிக்கும்?"

"பழத்துக்கும் தோலுதானுங்களே இருக்குது?"

அவ்வளவுதான், எண்பது பேரும் ஒன்றாகப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். இத்தனை வருஷத்து அடைமழையும் அன்றைக்குத் திரும்பி வந்தது. "நொம்ப நாளா கேக்கோணும்னு இருந்தோம்" என்றாள் ஒருத்தி. "தூறலுக்கு ஒரு கிலோவா, துப்புனாக்கூடக் கழிப்பீங்க போல" என்றாள் இன்னொருத்தி. உலர்ந்த மூட்டையை நிறுத்துவிட்டு, அதையே வாளித் தண்ணீரில் முக்கி, வடியவைத்து, மறுபடி நிறுக்க வேண்டும் என்று முடிவாயிற்று. யாரோ மூட்டைக்கு ஓடினார்கள், யாரோ தண்ணீருக்கு ஓடினார்கள். தராசு வேண்டும் என்றபோதுதான் அதில் நான் இன்னும் தொங்கிக்கொண்டிருப்பது அவர்கள் கண்ணில் பட்டது.

"ஐயோ, தம்பிய எறக்குங்க மொதல்ல!"

வடித்த மூட்டை ஒன்றேகால் கிலோ கூட இருந்தது. அடைமழையானாலும் இனி ஒன்றேகாலுக்கு மேல் கழிப்பதில்லை என்று ரைட்டர் ஒத்துக்கொண்டார். அவர் கெட்ட மனுஷன் இல்லை, கழிக்கக் கற்றுக்கொடுத்தார்கள், கழித்தார். மறுநாளிலிருந்து என் எடையைச் சொல்லும்போது மட்டும் தொண்டை கிழிய, "கழிவு ஒண்ணுமில்ல!" என்று சேர்த்துக் கத்துவார். பஸ் ரோடு வரை கேட்கும்.

கருவாட்டு அக்கா என்னிடம் வந்து நின்றாள். அவளுக்கு என்னைப் பார்க்க முகமே இல்லை.

"வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுல்ல தம்பி?"

"வாய் வரலீங்க அக்கா."

"உங்களுக்கு வராட்டி என்ன, எனக்கு வரும்" என்றாள். அன்றிலிருந்து கொட்டகையில் என் பக்கமாக ஊறுகாய்ப் பொட்டலத்தை யார் பிரித்தாலும், "எடு அந்தப் பக்கம்! தம்பிக்குத் தழும்பு!" என்று சத்தம் வரும். குடி என்ற பேச்சு எஸ்டேட்டில் அதோடு நின்றது. தழும்பு என்றே எல்லோரும் சொல்லப் பழகிவிட்டார்கள்.

ஒரு வாரம் கழித்து ஆஸ்பத்திரித் தராசில் ஐம்பத்தொன்பதரை. எங்கள் தராசிலும் முந்தின நாள் அதேதான். டாக்டரம்மா சேலத்துக்கு எழுதும் சீட்டை எடுக்கவில்லை. "தழும்பு இருக்குங்க, அது இருக்கும். மாத்திரையும் உப்பில்லாச் சோறும் விடக்கூடாது. மாசம் ஒருக்கா வந்து முகத்தக் காட்டணும்" என்றார். பறிப்பு முடியும்போது ஐம்பத்தைந்துக்கு வந்திருந்தேன். கடைசி நாள் என்னைக் கொக்கியிலிருந்து இறக்கியபோது, சாக்கை எனக்கே கொடுத்துவிட்டார் ரைட்டர்.

இதெல்லாம் நடந்து சில வருஷங்கள் ஆகின்றன. நடுவில் ஒரு தடவை தண்ணீர் எட்டிப் பார்த்தது, மாத்திரையைக் கூட்டிக் கொடுத்து இறக்கினார்கள். வாளி வரை போகவில்லை. கடையில் டீ கேட்க எனக்கு இன்னும் இரண்டு செருமல் வேண்டும். ‘வேண்டாம்’ மட்டும் ஒரே செருமலில் வந்துவிடுகிறது. இப்போது ஒரு நிற்கும் தராசு வாங்கி வீட்டில் வைத்திருக்கிறோம். காலையில் அதில் ஏறி நின்று எடையை என் வாயாலேயே சொல்ல வேண்டும். என் வீட்டம்மா கேட்டுக்கொள்வாள், தலையாட்டுவாள். பிறகு வந்து அரைஞாண் கயிற்றில் இரண்டு விரலை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பங்கரைக்குப் போவாள்.